திபிலீசியில் இவர் இருக்கிறார்

அக்டோபர் 12, ஞாயிறு. ஷார்ஜா

அடுத்த வாரம் தீபாவளி. மதுரா குடியிருக்கும் கட்டடத்தில் இப்போதே பால்கனிகளில் சீரியல் விளக்கு தொங்குகிறது. எதிர் வீட்டில் அதிரசம் சுடும் வாசனை. இந்த வருஷம் எங்களுக்குத் தீபாவளி இல்லை.

"இதையெல்லாம் பாத்துக்கிட்டு இங்க உக்காந்திருக்க வேணாம்மா," என்றாள் மதுரா. "லமாரா ஆன்ட்டி எத்தனை தடவை கூப்பிட்டாங்க. நீ செவ்வாய்க்கிழமை கிளம்பு. எனக்கு வெள்ளி வரைக்கும் ஆபீஸ். சனிக்கிழமை காலைல நானும் அங்க வந்துடறேன்."

டிக்கெட்டே எடுத்துவிட்டாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்: "அவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டேல்ல?"

"சொல்லிட்டேன்," என்றேன்.

பெட்டியில் காபிப்பொடி, பில்டர், முறுக்கு, லமாராவுக்கு ஒரு சுங்குடிப் புடவை வைத்தேன். இரண்டு செல்போன்களையும் சார்ஜில் போட்டேன்.

அக்டோபர் 14, செவ்வாய். திபிலீசி

விமான நிலையத்துக்கு லமாரா, அவள் கணவர் நோடார் இருவருமே வந்திருந்தார்கள். லமாரா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். நோடார் பூங்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு எனக்குப் பின்னால் பார்த்தபடி நின்றார். இவர் பெட்டி எடுக்கப் பின்தங்கியிருக்கிறார் என்று நினைத்திருக்க வேண்டும்.

"பாணி? பாணி எங்கே?"

"முழங்கால் வலி," என்றேன். "விமானத்தில் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்."

விமானத்தில் வரும்போது யோசித்து வைத்த வாக்கியம் வேறு. வாயில் வந்தது இது. நான் வருகிறேன் என்றுதான் லமாராவுக்கு எழுதியிருந்தேன். இருவரும் வருகிறோம் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

நோடாரின் முகம் விழுந்துவிட்டது. வீட்டுக்கு வந்து பார்த்தால், எனக்கென்று ஒதுக்கிய அறையில் இரண்டு தலையணை, இரண்டு துண்டு, ஆண்கள் போடும் பெரிய செருப்பு ஒரு ஜோடி புதிதாக. லமாரா பார்க்காததுபோல அந்தச் செருப்பை எடுத்துப் போனாள்.

இவர்கள் எங்களுக்குச் சிநேகமானதே ஒரு காய்ச்சலால்தான். போன ஜனவரியில் ராமேஸ்வரத்திலிருந்து திருச்சிக்கு ரயிலில் வந்துகொண்டிருந்தோம். எதிர் சீட்டில் இவர்கள். நோடாருக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. ஊரும் தெரியாது, பாஷையும் தெரியாது. என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை என்னைக் கேட்கவில்லை. திருச்சியில் இறங்கியதும் ஆட்டோவில் ஏற்றிப் பொன்மலைப்பட்டிக்கு நேராக எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். காய்ச்சல் விட்டு, கஞ்சி குடித்து, அவர்கள் கிளம்ப ஒரு வாரம் ஆயிற்று. நோடார் இங்கே மெட்ரோ ரயில் ஓட்டுபவர், அப்போது ஓய்வு பெறும் தறுவாயில் இருந்தார். இவர் முப்பது வருஷம் எஞ்சின் ஓட்டியவர். இரண்டு பேரும் மாமரத்தடியில் உட்கார்ந்து கையாலேயே பிரேக்கைப் பற்றியும் சிக்னலைப் பற்றியும் பேசிக்கொள்வார்கள். கோதண்டபாணி என்ற பெயர் நோடாரின் வாயில் நுழையவில்லை. பாணி ஆகிவிட்டது.

படுக்கப் போகிறேன். ஒரு தலையணையை எடுத்து அலமாரியில் வைத்தேன். பிறகு மறுபடி எடுத்துப் போட்டேன்.

அக்டோபர் 15, புதன்

காலையில் நல்ல குளிர். லமாராவோடு கடைத்தெருவுக்குப் போனேன். அக்ரூட் பருப்பை நூலில் கோத்துத் திராட்சைப் பாகில் தோய்த்து மெழுகுவத்தி மாதிரி வரிசையாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். லமாராவுக்கு ஓரளவு ஆங்கிலம் வரும், எனக்கும் அப்படித்தான். முடியாத இடத்தில் செல்போனில் சொன்னால் அது தமிழில் பேசுகிறது. 'உங்கள் கணவரின் முட்டி எப்போது சரி செய்யப்பட்டு வழங்கப்படும்?' என்று கேட்டது. இருவரும் தெருவில் நின்று சிரித்தோம். நான் சிரித்ததை நானே கேட்டேன்.

முழங்காலுக்குத் தடவ ஒரு மூலிகை எண்ணெய் வாங்கிக் கொடுத்தாள். எப்படித் தடவ வேண்டும், சூடாகவா ஆறவிட்டா, தடவிய பிறகு கம்பளி சுற்ற வேண்டுமா என்றெல்லாம் நானும் விவரமாகக் கேட்டுக்கொண்டேன்.

சுரங்கப்பாதை வாசலில் பெண்கள் சாமந்தி விற்கிறார்கள். லமாரா ஒரு கொத்து வாங்கினாள். திருச்சியில் என் தலையில் தினமும் பூ பார்த்தது அவளுக்கு நினைவிருக்கிறது. "இங்கே ஏன் இல்லை?" என்று கேட்டுக்கொண்டே ஒரு பூவைக் கிள்ளித் தன் கொண்டை ஊசியால் என் தலையில் குத்திவிட்டாள். வேண்டாம் என்று சொல்லக் கை உயர்ந்தது. சொல்லவில்லை. கடைக் கண்ணாடியில் பார்த்தேன். மஞ்சள் பூ. அப்படியே வீடுவரை வந்தேன்.

மாலையில் விருந்து. மண்சட்டியில் அவரை விதைக் குழம்பு, பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட ரொட்டி. இங்கே ஒரு பழக்கம். யாருக்காகக் குடிக்கிறோம் என்று சொல்லித்தான் கோப்பையைத் தூக்குகிறார்கள். எனக்கு மட்டும் பச்சை நிறத்தில் ஒரு சோடா. நோடார் எழுந்து நின்று நீளமாகப் பேசினார். லமாரா சொன்னாள்: "பாணிக்காக. எங்கள் சகோதரனின் ஆரோக்கியத்துக்காக. ஒவ்வொரு ஞாயிறும் இதை நோடார் சொல்லாமல் இருப்பதில்லை."

நானும் கோப்பையைத் தூக்கினேன்.

அக்டோபர் 16, வியாழன்

எழுதிவிடுகிறேன். இவர் போய் ஏழு மாதம் ஆகிறது. மார்ச்சில்.

திருச்சியில் எல்லோருக்கும் தெரியும். கறிகாய் வண்டிக்காரர் என்னைப் பார்த்தால் குரலைத் தாழ்த்துகிறார். பக்கத்து வீட்டு அமலோற்பவம் கல்யாணப் பத்திரிகையை என் கையில் தராமல் கேட்டில் செருகிவிட்டுப் போகிறாள். ஷார்ஜாவில் மதுரா அப்பா என்ற சொல்லே வராமல் பேசப் பழகிவிட்டாள். உலகத்தில் இந்த ஒரு வீட்டில்தான் இவருக்கு இன்னும் முழங்கால் வலிக்கிறது.

இதுவும் முழுசாக இல்லை. மீதியையும் எழுதுகிறேன்.

ஞாயிறுதோறும் நோடார் இவருக்குப் படம் அனுப்புவார். பால்கனியில் திராட்சைக்கொடி, சதுரங்கப் பலகை, மெட்ரோ நிலையம். இரண்டு வரி ஆங்கிலம். இவரும் இரண்டு வரி எழுதுவார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், 'பாணி, ஏன் பேசவில்லை? கோபமா?' என்று வந்திருந்தது. பதில் போட்டேன். இவர் பெயரில். அடுத்த ஞாயிறும் போட்டேன். ஓய்வு பெற்ற பிறகு காலைகள் காலியாக இருக்கின்றன, நீ எப்படிச் சமாளித்தாய் என்று நோடார் ஒருமுறை கேட்டார். இவர் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாதா? முதல் ஆறு மாதம் காலையில் எழுந்து சும்மாவாவது ஸ்டேஷன்வரை நடந்துவிட்டு வந்தார். அதை எழுதினேன். நோடாரும் அப்படியே நடக்க ஆரம்பித்தார்.

இவருடைய போன் என் பெட்டியில்தான் இருக்கிறது.

இன்று மத்தியானம் அறையில் படுத்திருந்தேன். நோடார் கூடத்தில் இருந்தார். இவருடைய போன் சிணுங்கியது. 'முழங்கால் எப்படி இருக்கிறது? நீ இல்லாமல் மேசை காலியாக இருக்கிறது.' ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அவர் எழுதியிருக்கிறார். நான் எழுதினேன்: 'பரவாயில்லை. செண்பகத்தைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்.'

அனுப்பியதும் கூடத்தில் அவருடைய போன் ஒலித்தது. "பாணி!" என்று அவர் சந்தோஷமாகக் கத்தியதும் கேட்டது. லமாராவைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினார்.

தலையணையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

நாளை சொல்லிவிட வேண்டும். மறுநாள் மதுரா வந்துவிடுவாள்.

அக்டோபர் 17, வெள்ளி

நான் சொல்லவில்லை. தானே வெளிவந்துவிட்டது.

காலையில் பில்டர் காபி போட்டுக் கொடுத்தேன். நோடார் ஒரு வாய் குடித்ததும் பாணியைப் பார்க்க வேண்டும், பேச்சு புரியாவிட்டால் என்ன, முகத்தைப் பார்க்கிறேன் என்று லமாராவிடம் சொல்லிக்கொண்டே வீடியோவில் கூப்பிட்டார். இத்தனை மாதத்தில் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. நான் நாற்காலியிலிருந்து எழுவதற்குள் என் அறையில் எஞ்சின் ஹாரன் அடித்தது. இவர் வைத்திருந்த ரிங்டோன். திருச்சியில் அதைக் கேட்டு நோடார் தொடையில் தட்டிச் சிரித்திருக்கிறார்.

அவர் முகத்தில் முதலில் வந்தது சிரிப்புதான். பாணி ஒளிந்துகொண்டு விளையாடுகிறார், நாங்கள் இருவரும் சேர்ந்து திட்டம் போட்டிருக்கிறோம் என்று நினைத்துவிட்டார். "பாணி! பாணி!" என்று கூப்பிட்டுக்கொண்டே என் அறைக்கு ஓடினார். கதவுக்குப் பின்னால் பார்த்தார். பிறகு கட்டிலின் மேல் கிடந்த போனை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். ஹாரன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

எனக்கு ஆங்கிலம் ஒரு சொல்லும் வரவில்லை. செல்போனில் தமிழில் எழுதினேன். 'அவர் போய்விட்டார்.' அது அவர்கள் பாஷையில் சொல்லிற்று.

நோடார் என்னைப் பார்த்துக் கேட்டதை அது தமிழில் சொன்னது: "எங்கே போனார்?"

நாங்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். போய்விட்டார், தவறிவிட்டார். பத்திரிகை விளம்பரத்தில், போஸ்டரில், துக்கம் கேட்க வந்தவர்களிடம், எதிலும் நான் அந்த இன்னொரு சொல்லைச் சொன்னதில்லை. இப்போது வேறு வழி இல்லை. 'என் கணவர் இறந்துவிட்டார்' என்று எழுதினேன். ஒரு பெண் குரல், பஸ் நிலையத்தில் அறிவிப்புச் செய்வதுபோல, அதைப் படித்தது.

லமாரா வாயைப் பொத்திக்கொண்டாள். எப்போது என்று கேட்டாள். "மார்ச்," என்றேன். நோடாருக்கு அந்தச் சொல் புரிந்தது. விரல்விட்டு மாதங்களை எண்ணினார். பிறகு மேல்சட்டையை மாட்டிக்கொண்டு, எங்கள் இருவரையும் பார்க்காமல், வெளியே போய்விட்டார்.

நான் பெட்டியை எடுத்துத் துணிகளை அடுக்க ஆரம்பித்தேன். லமாரா வந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள். நான் உள்ளே வைப்பதும் அவள் எடுப்பதுமாகக் கொஞ்ச நேரம் போயிற்று. கடைசியில் இருவரும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டோம். "உன் தலையில் பூ வைத்தேனே," என்றாள். "தெரியாமல் செய்துவிட்டேன்."

"வைத்தது பிடித்திருந்தது," என்றேன். அது உண்மை.

நோடார் சாயங்காலம்தான் வந்தார். கண்கள் சிவந்திருந்தன. என் எதிரில் உட்கார்ந்து செல்போனில் பேசினார். அது சொல்லச் சொல்ல நான் கேட்டேன்.

"ஒவ்வொரு ஞாயிறும் அவனுடைய ஆரோக்கியத்துக்காகக் குடித்தேன். இறந்தவர்களுக்கு எங்களிடம் வேறு கோப்பை உண்டு, வேறு வார்த்தை உண்டு. ஏழு மாதமாக என் நண்பனுக்கு அதை நான் செய்யவில்லை. நீ செய்யவிடவில்லை."

"தப்புதான்," என்றேன்.

"காலையில் ஸ்டேஷன்வரை நடக்கச் சொன்னது யார்?"

"எழுதியது நான். நடந்தவர் அவர்."

அவர் தன் போனை எடுத்து மார்ச் மாதம்வரை விரலால் தள்ளிக்கொண்டே போனார். என் முன்னால் நீட்டினார். எது அவன், எது நீ, காட்டு என்றார்.

காட்டினேன். 'அன்புள்ள நோடார், இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. எங்கள் மாமரத்தில்' என்பதுவரை இவர் எழுதியது. அனுப்பாமல் பாதியில் நின்றிருந்தது. 'பூ வந்திருக்கிறது' என்று முடித்தது நான். இவர் வாக்கியம் அந்தரத்தில் நிற்கிறதே என்று அதை முடித்து அனுப்பினேன். அப்படித்தான் ஆரம்பித்தது.

நோடார் அந்த வரியின் மேல் கட்டைவிரலை வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. சாப்பிடும்போது ரொட்டியைப் பிய்த்து என் தட்டில் வைத்தார்.

அக்டோபர் 18, சனி

மதுரா மத்தியானத்துக்கு முன்பே வந்துவிட்டாள். வாசலிலேயே நோடார் அவள் தலையில் கை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அவளுக்கு அது இயல்பாகத்தான் பட்டிருக்கும். அவர்களுக்கு எல்லாம் தெரியும் என்றுதானே நினைத்திருக்கிறாள். முந்தின நாள் நடந்ததைச் சமையலறையில் வைத்து நானே சொன்னேன். இவருடைய போனைப் பற்றியும் சொன்னேன்.

கத்துவாள் என்று நினைத்தேன். "அதான் சில சமயம் ராத்திரி அப்பா ஆன்லைன்ல இருக்கார்னு காட்டும்," என்று மட்டும் சொன்னாள். "பாத்துக்கிட்டே இருப்பேன். ஏன்னு உன்கிட்ட கேக்க பயமா இருந்துச்சு."

மேசையில் நாலு பேரும் உட்கார்ந்தோம். திருச்சியில் எடுத்த ஒரு படத்தை நோடார் பிரிண்ட் போட்டு வந்திருந்தார். இருவரும் மாமரத்தடியில், அவர் காய்ச்சல் தெளிந்த முகத்தோடு, இவர் லுங்கியோடு. படத்தின் முன்னால் ஒரு கோப்பை. நோடார் எழுந்து நின்று சுருக்கமாக ஏதோ சொல்லி, ரொட்டித் துண்டின் மேல் கொஞ்சம் ஒயினை ஊற்றினார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். லமாரா ஆங்கிலத்தில் சொன்னாள்: "அவன் எப்படிப் போனான் என்று சொல்."

நான் செல்போனைத் தேடினேன். நோடார் அதைத் தள்ளி வைத்துவிட்டார். "உன் பாஷையில்," என்றார். "இந்தப் பெண் குரல் வேண்டாம்."

யாரும் என்னை இதைக் கேட்டதில்லை. மாரடைப்பா, எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டார்கள். மதுரா மறுநாள் மத்தியானம் திருச்சியில் வந்து இறங்கியபோது, "தூக்கத்துலயே போயிட்டார், கஷ்டப்படலை," என்று சொன்னேன். அதோடு சரி. இப்போது புரியாத இரண்டு பேரைப் பார்த்துக்கொண்டு சொல்வது சுலபமாக இருந்தது.

"அன்னைக்கு ஞாயித்துக்கிழமை. சவரம் பண்ணிட்டு வந்து மாமரத்தடியில நாற்காலி போட்டு உக்காந்தார். நோடாருக்கு பதில் போடறேன், காபி கொண்டான்னார். கொண்டுபோய் ஸ்டூல்ல வெச்சேன். கண்ண மூடியிருந்தார். செல்லு மடியில கெடந்துச்சு. ராத்திரி சரியாத் தூங்கலையே, அசந்துட்டார்னு நினைச்சேன். பக்கத்துலயே உக்காந்து முருங்கைக் கீரை ஆய ஆரம்பிச்சேன்.

"பேசிக்கிட்டேதான் ஆஞ்சேன். பாஸ்போர்ட்ட புதுப்பிக்கணும், நோடார் வீட்டுக்குப் போறதுன்னா ஸ்வெட்டர் வேணும், உங்க பழைய ஸ்வெட்டர பூச்சி அரிச்சிடுச்சு. அமலோற்பவம் பையனுக்குப் பொண்ணு பாத்துட்டாங்களாம். எல்லாம் சொன்னேன். காபி ஆறுதேன்னு நானே எடுத்துக் குடிச்சேன். அப்பவும் பேசிக்கிட்டுதான் இருந்தேன். ஒரு கட்டுக் கீரை முழுசும் ஆஞ்சு முடிச்சேன்டி…"

டி என்று வாயில் வந்த பிறகுதான் யாருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. மதுரா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நான் நிறுத்தவில்லை.

"முறத்த எடுத்துக்கிட்டு எழுந்தேன். 'எல்லாத்தையும் நானே பேசணும், நீங்க வாயத் தொறக்காதீங்க'ன்னு கோவிச்சுக்கிட்டேன். அதுக்கும் பதில் இல்ல. தோளத் தொட்டேன்."



நோடாருக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. ஆனால் ஆரம்பத்திலிருந்தே நின்றுகொண்டுதான் இருந்தார். இப்போதுதான் உட்கார்ந்தார். லமாரா எழுந்து ஜன்னல் பக்கம் போனாள்.

"தூக்கத்துலயே போயிட்டார்னு சொன்னியேம்மா," என்றாள் மதுரா.

"தூங்கறார்னுதான் நானும் நினைச்சேன்."

அவள் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள். ஏழு மாதமாக என் முன்னால் அழாமல் இருந்தவள், முகத்தைத் துடைக்காமலேயே கேட்டாள்:

"என்ன சட்டை போட்டிருந்தார்? வேற என்னெல்லாம் பேசின அவர்கிட்ட? மொதல்லேருந்து சொல்லும்மா. ஒண்ணும் விடாம."

சொன்னேன்.